வரையாத கோடு

பத்தாவது முடித்து எத்தனை வருடம் ஆனாலும், முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 டிகிரி என்பது மறக்காது. நேர்கோட்டின் ஒரு பக்கம் இருக்கும் கோணங்களைக் கூட்டினாலும் 180. இரண்டு பக்கம் சமம் என்றால், அவற்றுக்கு எதிரே இருக்கும் கோணங்களும் சமம். தெரியாத கோணத்தைக் கண்டுபிடிக்க இதுவே போதும் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள்.

போதுமா? ஒரு பேப்பர் எடுங்கள். உச்சி ஏ-யில் 20 டிகிரி. அடியில் பி, சி இரண்டிலும் 80. பி-யிலிருந்து அடிப்பக்கத்தோடு 60 டிகிரியில் ஒரு கோடு. அது எதிர்ப்பக்கத்தைத் தொடும் இடம் ஈ. சி-யிலிருந்து 50 டிகிரியில் இன்னொன்று; அது டி. டி-யையும் ஈ-யையும் சேருங்கள். பி-ஈ-டி கோணம் எவ்வளவு?

1922-ல் 'மேத்தமேட்டிகல் கெஜட்' இதழில் எட்வர்ட் லாங்லி என்ற ஆங்கிலேய ஆசிரியர் கொடுத்த கணக்கு இது. மற்ற கோணங்கள் மளமளவென்று வந்துவிடும். இது மட்டும் சிக்காது. கூட்டிக் கழித்தால் எக்ஸ் = எக்ஸ் என்று வந்து நிற்கும்!

அக்கா பொண்ணு ப்ளஸ் ஒன்னில் கணக்கே இல்லாத குரூப்தான் வேண்டும் என்கிறாள். "எனக்கு அந்த மூளை இல்ல சித்தி." என்னால் தாங்க முடியாத வாக்கியம் அது. அதனால்தான் இந்தக் கணக்கை அவளிடம் கொடுத்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "படத்துல இல்லாத கோட்டை நாமளா போடலாமா?"

இத்தனை நாளும் அவளிடம் இல்லாதது மூளை இல்லை. அந்த அனுமதி!

பி-யிலிருந்து அடிப்பக்கத்தோடு 20 டிகிரியில் ஒரு கோடு போட்டோம். அது ஏசி-யைத் தொடும் இடம் ஜி. பிசிஜி முக்கோணத்தில் 20, 80, 80; ஆக பிஜி = பிசி. பிசிடி-யில் 80, 50, 50; ஆக பிடி = பிசி. பிஜி-யும் பிடி-யும் சமம், நடுவில் 60 டிகிரி. அப்படியென்றால் பிஜிடி சமபக்க முக்கோணம். பிஜிஈ-யில் பி, ஈ இரண்டிலும் 40; ஆக ஜிஈ = ஜிபி = ஜிடி. ஜி-யில் டி-க்கும் ஈ-க்கும் நடுவே மிச்சம் 40. ஜி-ஈ-டி கோணம் 70. அதில் 40 போக, 30.

குரூப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. ஈ-யிலிருந்து அடிப்பக்கத்துக்கு இணையாகக் கோடு போட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறாள். போட்டுப் பார்த்தேன். அப்படியும் 30-தான் வருகிறது.