நூலும் மணிகளும்

இறந்தோர் திருப்பலி இசையின் ஒலிப்பதிவு எது கைக்கு வந்தாலும், அதில் எதை விட்டுவிட்டார்கள் என்றே நான் முதலில் பார்ப்பதுண்டு.

இஸ்பானியக் குருவான தோமாஸ் லூயிஸ் தே விக்டோரியா, மத்ரித் நகரின் கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் வாழ்ந்த பேரரசி மரியாவின் ஆன்ம குரு. பேரரசி 1603இல் இறந்தார். அவருக்காக ஆறு குரல்களில் அமைத்த இசையை விக்டோரியா 1605இல் அச்சிட்டார். அதன் பெரும்பகுதியில் பழைய கிரகோரியன் மெட்டு ஒரு குரலில் மெல்ல நடக்க, மற்றவை அதனைச் சூழ்ந்து வருகின்றன. வருகைப் பாடலைத் தொடங்குவதும் அம்மெட்டே. கல்லறையருகே நாம் வேண்டும் அந்த 'நித்திய இளைப்பாற்றி' தனித்து ஒலித்த பின்னரே ஆறு குரல்களும் இணைகின்றன.

இறுதித் தீர்ப்பைப் பற்றிய நீண்ட தொடர் பாடலுக்கோ அவர் பல்குரல் இசை அமைக்கவேயில்லை; அது கிரகோரியன் மெட்டுக்கே உரியது. ஒலிப்பதிவுகள் சிலவற்றில் அதனைக் காணோம். நூலை உருவிவிட்டு மணிகளை மட்டும் கையில் தருவது போன்றது இது. கேட்போர் சலிப்படைவர் என்பார்கள். சலிப்படையட்டுமே!

என் தந்தையார் இறந்த ஆண்டில், கிரகோரியன் பாடல்களையும் சேர்த்துப் பதித்த குறுந்தட்டு ஒன்று கிடைத்தது. ஆறு குரல்களின் அழகு இடைவிடாது பெருகியபோது வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன். ஏற்றமோ இறக்கமோ அதிகமின்றி ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்தபோதுதான் அவர் பெயரைச் சொல்லிச் செபிக்க முடிந்தது. பாடகர் ஒருவர் ஏடு புரட்டும் ஓசைகூட அதில் கேட்கிறது. நல்லவேளை, அதனை யாரும் நீக்கவில்லை.