அண்ணாச்சி தளத்தின் பராமரிப்புக் குறிப்பேடு

மார்ச் 2, ஞாயிறு

ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல். இந்த மாதக் கடைசியோடு பி.எச்.பி. 7.4-ஐ எடுத்துவிடுகிறார்களாம், எல்லாத் தளங்களும் 8.2-க்கு மாறும். குறை சொல்ல முடியாது. 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுபோயின. இவ்வளவு நாள் விட்டுவைத்ததே பெரிது.

மாறப்போவது என் தளமாக இருந்தால் இவ்வளவு யோசிக்கமாட்டேன். இது அண்ணாச்சியுடையது. தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, 2006-இல், தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களையும் பற்றி எழுத ஆரம்பித்தவர். எந்த மடைத் தண்ணீர் எந்த ஊருக்கு, முறை வைப்பது யார், படித்துறையில் கிடந்த கல்வெட்டு எங்கே போயிற்று என்றெல்லாம் நடந்து நடந்து விசாரித்து எழுதியவை. பத்திரிகைக்கு அனுப்பினால் சுருக்கிவிடுவார்கள் என்று அவரே வேர்ட்பிரஸ் நிறுவிக்கொண்டார். அப்போது 2.0 பதிப்பு. கண்புரை அறுவைக்குப் பிறகும் திரை தெளியவில்லை என்று போன வருஷம் கடவுச்சொற்களை என்னிடம் தந்தார். "எழுத வேண்டியதை நான் சொல்லுதேன். மத்ததெல்லாம் நீ பாத்துக்கிடும்மா."

அந்த 'மத்ததெல்லாம்' தான் இந்தக் குறிப்பேடு.

மார்ச் 4, செவ்வாய்

முதலில் பேக்கப். வேர்ட்பிரஸ் தளம் இரண்டு இடத்தில் இருக்கிறது. தீம், பிளகின், படங்கள் எல்லாம் கோப்புகளாக ஒரு பக்கம். எழுதிய கட்டுரைகள் முழுவதும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இன்னொரு பக்கம். கோப்புகளை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு பத்திரமாக இருக்கிறோம் என்று நினைப்பவர்கள் நிறைய. அவர்கள் கையில் இருப்பது படங்களும் வெற்று அலமாரியும்தான். ஒரு வரி எழுத்து கூட அதில் இல்லை.

இரண்டையும் இறக்கி, மடிக்கணினியில் ஒரு நகல் தளம் எழுப்பலாம் என்று உட்கார்ந்தேன். எழும்பியது. ஆனால் தமிழ் இல்லை. தலைப்பு முதல் அடிவரை கொம்பும் கொக்கியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்.

மார்ச் 8, சனி

காரணம் பிடிபட்டது. 2007 மே மாதம் வந்த 2.2 பதிப்புக்கு முன்னால், தரவுத்தளத்தோடு எந்தக் குறியாக்கத்தில் பேசுவது என்று சொல்ல வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பில் இடமே கிடையாது. அப்போது நிறுவிய தளங்களில் அட்டவணைகள் பெரும்பாலும் லத்தீன்-1 என்ற பெயரில்தான் உருவாயின. தமிழ் யூனிகோட் பைட்டுகள் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டன. போடும்போதும் எடுக்கும்போதும் அதே லத்தீன்-1 கண்ணாடிதான் என்பதால் வாசகருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஏறக்குறைய இருபது வருஷம் அண்ணாச்சியின் தமிழ் மாற்றுப்பெயரில் குடியிருந்திருக்கிறது. வேறு சர்வருக்கு எடுத்துப்போகும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது: அங்கே உள்ளவன் லத்தீன் என்ற பெயரை நம்பி, ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக நினைத்து இன்னொரு முறை யூனிகோடுக்கு மாற்றிவிடுகிறான்.

வைத்தியம் பழையது, ஊரறிந்தது. எழுத்து நெடுவரிசையை முதலில் வெறும் பைட்டுகளாக, பிளாப் என்ற வகையாக, மாற்ற வேண்டும். அப்போது மைஎஸ்க்யூஎல் அதை எழுத்து என்று பார்ப்பதில்லை. அதனால் கை வைக்காது. பிறகு அதையே யூடிஎஃப்8எம்பி4 என்று அறிவித்துத் திரும்ப எழுத்தாக்க வேண்டும். நேரடியாக லத்தீனிலிருந்து மாற்றினால் கெட்டது கெட்டபடியே நிலைத்துவிடும்.

நகலில் செய்து பார்த்தேன். 'கன்னடியன் கால்வாய்' என்று தலைப்பு வந்து நின்றதும் எழுந்துபோய்க் காபி போட்டுக் குடித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

நகலில் பி.எச்.பி. 8.2. எதிர்பார்த்தது போலவே தளம் படுத்தது. முன்பெல்லாம் வெறும் வெள்ளைப் பக்கம்தான் வரும். எங்கே உதைக்கிறது என்று இருட்டில் துழாவ வேண்டும். 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து கொஞ்சம் கருணை: எந்தத் தீமில், எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் பிழை என்று நிர்வாகிக்கு மின்னஞ்சல் வரும், உள்ளே நுழைய ஒரு தனி இணைப்பும் தரும்.

பிழை தீமில். பக்கப்பட்டையில் ஒரு பெட்டியைப் பதிவு செய்ய 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற பழைய கட்டளையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் எல்லாரும் இப்படித்தான் எழுதினார்கள். பி.எச்.பி. 8-இல் அந்தக் கட்டளையையே நீக்கிவிட்டார்கள். தீமை எழுதியவர் அதைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. அவருடைய தளமும் இப்போது இல்லை.

அவர் இல்லாவிட்டால் என்ன? கோப்பைத் திறந்தேன், அந்த ஒரு வரியைப் பெயரில்லாச் சார்பாக மாற்றி எழுதினேன், தளம் எழுந்துவிட்டது. தீமின் தலைப்பகுதியிலேயே ஜிபிஎல் உரிமம் என்று போட்டிருக்கிறது. நான் திருத்தலாம், திருத்தியதை அடுத்தவருக்கும் தரலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

திறந்த மூலம் என்றால் இலவசம் என்றுதான் பேச்சு. ஹோஸ்டிங்குக்கும் டொமைனுக்கும் வருஷா வருஷம் பணம் கட்டுகிறவளுக்கு அந்தப் பெருமை அவ்வளவாக ஏறவில்லை. எழுதியவர் விட்டுப்போனால் அடுத்தவர் எடுத்து நடத்தலாம். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

மார்ச் 14, வெள்ளி

வேர்ட்பிரஸே அப்படி வந்ததுதான். அண்ணாச்சிக்கு இன்று அந்தக் கதையைச் சொன்னேன். கார்சிகா தீவுக்காரர் மிஷெல் வால்திரிகி 2001-இல் பி2 என்ற மென்பொருளை எழுதி ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார். 2002 முடிவதற்குள் அவரிடமிருந்து சத்தமே இல்லை. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருந்த மாட் முல்லன்வெக் என்ற இளைஞர், பி2-ஐ நம்பி எழுதுகிறோமே, இனி என்ன செய்வது, இதிலிருந்து ஒரு கிளை பிரிக்கலாமா என்று எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில், நிஜமாகச் செய்வதாக இருந்தால் நானும் வருகிறேன் என்று பதில் போட்டார். அந்த வருஷம் மே 27-ஆம் தேதி வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு, 0.7, வந்தது. முல்லன்வெக்குக்கு அப்போது 19 வயது.

பி2-இலிருந்து பிரிந்தது அது ஒன்று மட்டும் இல்லை. பி2எவல்யூஷன் என்று ஒன்று இன்னொருவர் கையில் போயிற்று. பி2++ என்ற வேறொன்று, ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் வேர்ட்பிரஸ் எம்யூவாகப் பின்னால் வளர்ந்தது.

அண்ணாச்சி கேட்டார்: "மொதல்ல எழுதுனவரு என்னம்மா ஆனாரு?" திரும்பி வந்தார், வேர்ட்பிரஸையே பி2-இன் வாரிசு என்று ஏற்றுக்கொண்டார் என்றேன். "அது பெரிய மனசு" என்றார். மனசு இருக்கட்டும், அந்த உரிமம் இல்லையென்றால் மனசை வைத்து ஒன்றும் செய்திருக்க முடியாது. எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. அந்தக் காலத்தில் வலைப்பதிவர்களிடையே செல்வாக்காக இருந்தது மூவபிள் டைப். 2004 மே மாதம் 3.0 பதிப்போடு உரிம விதிகளை மாற்றி, இத்தனை தளங்களுக்கு மேல், இத்தனை பேருக்கு மேல் எழுதினால் காசு என்றார்கள். ஏராளமானவர்கள் வேர்ட்பிரஸுக்கு நகர்ந்தார்கள். மூவபிள் டைப் நல்ல மென்பொருள்தான். ஆனால் முடிவெடுப்பது உரிமையாளர்.

மார்ச் 22, சனி

நிஜத் தளத்தில் குறியாக்கம் மாற்றி, தீமைத் திருத்தி, 8.2-க்குப் போயாயிற்று. பகலில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்துச் செய்தேன். ஒன்றும் சொல்லும்படி நடக்கவில்லை.

அதனால் முகவரிகளைப் பார்க்க நேரம் கிடைத்தது. 'அரியநாயகிபுரம் அணைக்கட்டும் கோடகன் கால்வாயும்' என்ற கட்டுரையின் முகவரி 'அரியநாயகிபுரம்-அணைக்கட்' என்று அறுந்து நிற்கிறது. இது கணக்கு சார்ந்த விஷயம். முகவரித் துண்டுக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஓர் இடம் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்த்து 3 இடம், ஆக 9. மெய்க்கு எழுத்தும் புள்ளியும் தனித்தனி என்பதால் 'க்' ஒன்றே 18 இடத்தைத் தின்றுவிடும். 200-ஐ 9-ஆல் வகுத்தால் 22 குறியீடு. அரியநாயகிபுரமே 14. மீதியில் 'அணைக்கட்' வரை ஏறுகிறது, அடுத்த 'டு'வுக்கு இடம் இல்லை.

ஆங்கில எழுத்தில் முகவரி வைத்தால் தீர்ந்தது என்பார்கள். வாட்ஸாப்பில் பகிரும்போது விழுக்காட்டுக் குறிகளாக நீண்டு தொங்காது என்பதும் உண்மைதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வைத்திருக்கிறோம். எதைப் போட்டாலும் தேடுகிறவர் வேறொன்றைத் தட்டுவார். இனிமேல் தலைப்பு எவ்வளவு நீண்டாலும் முகவரியைக் கையால் சுருக்கி, 'கோடகன்-கால்வாய்' என்கிற மாதிரி, தமிழிலேயே வைப்பது என்று முடிவு. பழைய முகவரிகளைத் தொடப்போவதில்லை. மாற்றினால் பழையதை நினைவில் வைத்துப் புதியதற்கு வேர்ட்பிரஸ் திருப்பி அனுப்பும் என்றாலும், அறுந்திருந்தாலும் அந்த முகவரியைத்தான் யாரோ எங்கோ குறித்து வைத்திருப்பார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

மென்பொருள் துறையில் இருக்கும் தம்பி ஊருக்கு வந்திருந்தான். ஹியூகோவுக்கு மாறு என்று ஒரே பிடி. எல்லாக் கட்டுரையும் வெறும் உரைக்கோப்பு, தளம் வெறும் எச்டிஎம்எல், தரவுத்தளம் கிடையாது, பி.எச்.பி. கிடையாது, உடைக்க ஒன்றுமே இருக்காது. அவன் சொல்வது சரி. இரவெல்லாம் 'அட்மின்' என்ற பெயரை வைத்து உள்ளே நுழையப் பார்க்கும் தானியங்கிகளின் பட்டியலை அவனே சர்வர் பதிவில் எடுத்துக் காட்டினான். அந்தப் பெயரில் இங்கே ஒரு கணக்கும் இல்லை, தட்டிக்கொண்டு கிடக்கட்டும்.

ஆனால் அண்ணாச்சி, திரை மங்கினாலும், எழுத்தளவைப் பெரிதாக்கிக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் உள்ளே நுழைந்து இரண்டு வரியாவது தன் கையால் திருத்துகிறார். 2018 டிசம்பரில் 5.0 பதிப்பு கட்டம் கட்டமாக எழுதும் புதிய எடிட்டரைக் கொண்டுவந்தபோது, "இது எழுதுத எடமா, செங்கல் அடுக்குத எடமா?" என்று கேட்டுவிட்டு, பழைய எடிட்டரைத் தரும் பிளகினைப் போட்டுக்கொண்டவர். அவரைக் கட்டளைத்திரை முன்னால் உட்காரவைக்க எனக்கு மனமில்லை. அவர் எழுதும்வரை வேர்ட்பிரஸ்தான். தம்பி மோர்க்குழம்பில் சமாதானமானான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மருதூர் அணைக்கட்டுக் கட்டுரை காலை ஐந்து மணிக்கு வரும்படி நேற்றே நேரம் குறித்திருந்தேன். ஆறு மணிக்கு அண்ணாச்சி வீட்டிலிருந்து போன்: வரவில்லையாம். திறந்து பார்த்தால் இருக்கிறது. வேர்ட்பிரஸுக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. யாராவது தளத்துக்கு வந்தால்தான், குறித்த வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்க்கும். புத்தாண்டு விடியற்காலையில் கால்வாய் வரலாறு படிக்க வந்த முதல் ஆள் அண்ணாச்சியே. அவர் வந்த பிறகுதான் அவர் கட்டுரை வெளியாகியிருக்கிறது! சர்வரின் கடிகாரத்தோடு இணைத்துவிட்டேன். இனி யாரும் வராவிட்டாலும் ஓடும்.

ஏப்ரல் 19, சனி

செவ்வாய்க்கிழமை 6.8 பதிப்பு வந்தது. பெரிய பதிப்புகளுக்கு ஜாஸ் இசைக் கலைஞர்கள் பெயர் வைப்பது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். இது பியானோக்காரர் செசில் டெய்லர். கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் முறையை பிகிரிப்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். நகலில் போட்டு, பார்த்து, பிறகு நிஜத்தில் போட்டேன்.

மாலையில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். டொமைனை நீண்ட காலத்துக்குப் புதுப்பிக்கச் சொல்லிப் பணம் தந்தார். பிறகு, "எனக்கப்புறம் நீ. ஒனக்கப்புறம்?" என்றார். ஏற்றுமதிக் கோப்பையும் படங்களையும் பென்டிரைவில் போட்டு இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வைக்கலாம் என்றேன். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது என்று அங்கே பேசும்போதுதான் தோன்றியது. மென்பொருளுக்கு ஜிபிஎல் இருக்கிறது. அவர் எழுத்துக்கு ஒன்றுமே இல்லை. கோப்பு கையில் இருந்தாலும் அதை வெளியிட யாருக்கும் உரிமை கிடையாது. கணியம் இதழ்க்காரர்கள் தங்கள் கட்டுரைகளையும் புத்தகங்களையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடுகிறார்கள், அப்படி ஒரு வரி போடலாமா என்று கேட்டேன்.

"யாராவது வேற பேர்ல போட்டுட்டா?"

பெயரைச் சொல்லித்தான் போட வேண்டும், அது நிபந்தனை என்றேன். திருத்தி எழுதினால்? அதையும் இதே உரிமத்தில்தான் விட வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை சேர்க்கலாம். விற்றால்? அதைத் தடுக்கவும் வழி உண்டு, வேண்டுமா என்றேன். கொஞ்சம் யோசித்தார். "வித்தா விக்கட்டும். அணைக்கட்டு பத்தி எழுதி எவன் பணக்காரன் ஆயிருக்கான்?"

ஆக, பெயர் சொல்லி, அதே உரிமத்தில். கட்டுரைகளுக்கு மட்டும். படங்களில் பாதி அவருடைய சிநேகிதர் எடுத்தவை. அவர் இப்போது இல்லை. அவர் மகன் தூத்துக்குடியில் இருக்கிறாராம். நாளை ஞாயிற்றுக்கிழமை, போன் போட்டுக் கேட்க வேண்டும். அதுவரை அடிக்குறிப்பில் படங்களைச் சேர்க்கவில்லை.