கொக்கிக்கு வைத்த பெயர்

எங்கள் பண்டத்தரிப்புப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பியின் அச்சுத் தெரியும். பிள்ளைகள் அதை வகுப்புக்குக் கொண்டுவருவார்கள். "இதில கணவாய் இருக்காதோ, சேர்?" என்று ஒருவன் கேட்டான்.

நியாயமான கேள்விதான். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தமான பெலம்னைட் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயிற்று. எங்கள் கல்லோ மயோசீன் காலத்தது; மிகவும் பிந்தியது. பெலம்னைட்டைத் தேடுகிறவர் கடல் கடந்து பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போகவேண்டும். துப்பாக்கிக் குண்டு போன்ற அதன் உள்ளோட்டு முனைகள் அங்கே கிடைக்கின்றன. தென்னிந்தியப் பெலம்னைட்டுகளைப் பற்றிப் பிளான்ஃபோர்ட் 1861இல் எழுதினார்.

கணவாயின் கையில் உறிஞ்சிகள்; பெலம்னைட்டின் பத்துக் கைகளிலும் இரட்டை வரிசையாகக் கொக்கிகள். ஓர் உயிருக்கே நூற்றுக்கணக்கில். சதை அழுகியதும் அவை சிதறிப்போகும். பாறையைக் கரைத்துத் தேடுகிற ஆய்வாளருக்குப் பெரும்பாலும் தனிக் கொக்கியே அகப்படும். வளைவையும் அடிப்பாகத்தையும் பார்த்து அதற்கொரு பெயர் வைப்பார்கள். போலந்தின் ஜுராசிக் காலக் கொக்கிகளை 1972இல் அப்படித்தான் வகைப்படுத்தினார்கள்.

ஆனால் ஜேர்மனியின் ஹோல்ஸ்மாடனில், சுமார் 18 கோடி ஆண்டுப் பழைமையான களிப்பாறையில், கைகளோடு கூடிய உடல்களும் கிடைத்தன. ஒரே கையிலேயே கொக்கிகள் அளவில் மாறுபட்டன. சில உடல்களில் ஒரு சோடி மட்டும் மிகப் பெரியது. தனித்தனியே கிடைத்திருந்தால் இரண்டு உயிர்கள் என்றே எண்ணத் தோன்றும்.

தாம் வைத்தது வடிவத்தின் பெயர், உயிரின் பெயரல்ல என்பது அந்த ஆய்வாளருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு தவணைப் புள்ளியைப் பார்த்து 'மொக்கு' என்று வைக்கப்படும் பெயரோ, பிள்ளையோடு வீடுவரை போய்விடுகிறது.