தொண்டித் திண்ணையில் ஒரு சிங்கர்

கொச்சியில் புறப்பட்டு, மூணாறு மலையேறி இறங்கி, தேனி, மதுரை, சிவகங்கை என்று ஊர் ஊராகப் பார்த்து வரும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கடலைக் கண்டதும் "இனி நம்மால் ஆகாதப்பா" என்று நின்றுவிடுகிறது. அந்த இடந்தான் தொண்டி. இலங்கைக்குத் தோணிகள் போய் வந்த பழைய துறைமுகம். இப்போது மீன்பிடி படகுகள்.

நான் போனது துறைமுகத்தைப் பார்க்கத்தான். ஆனால் உங்களுக்கு எழுத உட்கார்ந்தால், பேனா ஒரு தையல் மெஷினையே சுற்றி வருகிறது!

கடற்கரைத் தெருவில் ஒரு திண்ணை. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், பழைய சிங்கர் மெஷினில் கித்தான் தைத்துக்கொண்டிருந்தார். ரவிக்கையும் பாவாடையும் தைக்கிற வீட்டு மெஷின் அது!

"படகு எஞ்சினுக்கு உறை, தம்பி. உள்ளே தண்ணி இறங்கி, எஞ்சின் நடுக்கடல்லே நின்னு போச்சுன்னா யாரைக் கூப்பிடறது?"

மெஷின் அவருடைய வாப்பா கொழும்பில் வாங்கியதாம். ஆச்சரியமில்லை, 1877-லேயே சிங்கர் கம்பெனி அங்கே கால் வைத்துவிட்டது. யந்திரங்களைக் கண்டித்த காந்திஜியே 1924-இல் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தாரே!

எனக்கு ஒரு பழைய குற்ற உணர்ச்சி உண்டு. அம்மாவின் மெஷினில் கித்தான் பை தைக்கப் போய், இரண்டு ஊசிகளை ஒடித்து, மெஷினையும் ரிப்பேருக்கு அனுப்பியவன் நான். அதைச் சொன்னேன்.

"துணியைப் பின்னாலேருந்து இழுத்தீங்களா?"

"இழுத்தேன்."

"அதான்! இழுத்தா ஊசி வளையும். வளைஞ்ச ஊசி தகட்டிலே இடிக்கும். நகத்துறது மெஷின் வேலை. நாம துணியைத் தாங்கிப் பிடிச்சா போதும்."

பழைய மெஷினின் உடல் வார்ப்பிரும்பு, உள்ளே எஃகு. அதனால் பலம் உண்டு. ஆனால் அந்தப் பலத்தை நம்பி 14-ஆம் நம்பர் ஊசியோடு கித்தானில் இறங்கக் கூடாது. அவர் போட்டிருந்தது 18. ஊசிக் கண் பெரிதாயிருந்தால்தான் தடித்த நூல் பிசிறாமல் ஓடும். தையலும் நீளமாக விழ வேண்டும். நெருக்கித் தைத்தால், தபால் தலைத் தாளைப் போல ஓட்டை வரிசையிலேயே கித்தான் கிழிந்துவிடும்!

மடிப்பு நான்காகச் சேரும் இடம் வந்தது. அம்மாள் மிதியை நிறுத்தினார். அம்மிக் குழவியால் மடிப்பைத் தட்டித் தட்டிச் சப்பையாக்கினார். பிறகு சக்கரத்தைக் கையாலேயே திருப்பி, ஒவ்வொரு தையலாக அந்த மேட்டைத் தாண்டினார். மின்மோட்டார் வைத்த மெஷினுக்கு இந்தப் பொறுமை வருமா? எனக்குச் சந்தேகம்தான். கடைசியில் ஊசித் துளை வழியே நீர் கசியாதிருக்க, தைத்த இடமெல்லாம் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார்.

படகுக்காரர் வந்துவிட்டார். நாலு மூலையிலும் கயிறு கோக்கப் பட்டை வேண்டுமாம். மடித்துப் பார்த்தால் ஆறு அடுக்கு.

"ராத்திரி போகணும். இதையும் மெஷின்லே ஒரு ஓட்டு ஓட்டிடுங்கம்மா."

"முடியாது. உன் உறைக்காக என் வாப்பா மெஷினை உடைக்கவா?" என்றார் அம்மாள். அதில் கோபம் இல்லை, கணக்கு இருந்தது. அவ்வளவு கனம் அந்த மெஷினின் காலடியில் நுழையாது. நுழைத்தாலும் ஊசிக்கும் ஷட்டிலுக்கும் உள்ள ஒழுங்கு கெட்டுவிடும்.

படகுக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. அம்மாள் உள்ளே போய்க் கோணி ஊசியும் சணல் நூலும் எடுத்து வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உட்காரு. நாலு மூலைதானே? மூணாவது மூலைக்குள்ளே டீ வந்திடும்."