3000 மி.மீ. மழையும் ஒன்றரை ஏக்கர் கருவேலமும்

அந்தமானில் வருஷத்துக்குச் சுமார் 3000 மி.மீ. மழை. எங்க ராமநாதபுரத்தில் 800ஐ ஒட்டித்தான். ஆனாலும் போர்ட் பிளேரில் (2024இலிருந்து ஸ்ரீ விஜயபுரம், வாய்க்கு இன்னும் பழகல) மாசி, பங்குனி வந்தா வீட்டு வாசல்ல குடமும் டிரம்மும் வரிசை கட்டிடும். மழை நின்னதுக்கப்புறம் மே வரைக்கும் தனிகாரி அணையில் இருக்கறதை வச்சுத்தான் ஓட்டணும். கடலுக்கு ஓடினது போக, வெயில் குடிச்சது போக, மிச்சம் என்னங்கறதுதான் கணக்கு.

அந்த 'வெயில் குடிச்சது' சமாச்சாரத்தோடுதான் எனக்கு ஆபீஸ்ல பிழைப்பு. மண்ணிலிருந்து ஆவியாகிறதும் செடிகொடி இலை வழியா விடுறதும் சேர்ந்தது. சாட்டிலைட் அந்த ஆவியைப் பார்க்கிறதில்லை, சூட்டைத்தான் பார்க்குது. மண்பானைத் தண்ணி ஏன் குளிர்ச்சியா இருக்கு? கசிஞ்சு ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போகுது. ஒரு லிட்டர் ஆவியாக சுமார் 2.45 மெகாஜூல் வேணும். அதனால ஈரமான நிலம் படத்தில் குளிர்ச்சியாத் தெரியும், காய்ஞ்சது கொதிக்கும். வந்த வெயிலில் மண்ணைச் சுட வச்சது, காத்தைச் சுட வச்சது ரெண்டையும் கழிச்சா மிச்சம் ஆவியானது.

போன மாசம் சித்தப்பா போன்ல கேட்டார்: "ஏம்ப்பா, நம்ம காட்டுல நிக்கிற சீமைக்கருவேலம் எம்புட்டுத் தண்ணி குடிக்குதுன்னு உன் சாட்டிலைட்ல பார்த்துச் சொல்லேன். ஜேசிபி வச்சுத் தோண்டிட்டு மிளகா போடலாமா, இல்ல கரிமூட்டத்துக்கே விட்டுடலாமா?"

2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை கருவேலத்தை அகற்றச் சொன்ன நாளிலிருந்தே எங்க ஊர்ல இந்தப் பேச்சு ஓயல. அவருக்கு இது கைக்காசு பிரச்சினை. ஜேசிபி வாடகையும் கரிக்காசும் ஒரே பையில் இருந்துதான்.

சிக்கல் என்னன்னா, வறண்ட பூமியில்தான் இந்தக் கணக்கு ரொம்பத் தடுமாறும். சம்பளத்தில் வாடகை, மளிகை போக மிச்சமே நூறு ரூபாய்னா, மளிகைக் கணக்கில் ஐம்பது பிசகினாலும் பாதி போச்சு இல்லையா? அதேதான். 1998இல் பாஸ்டியான்சன் குழு வெளியிட்ட செபால் முறையில், படத்துக்குள்ளேயே நல்லா நீர் பாய்ஞ்ச குளிர்ந்த இடம் ஒண்ணும் காய்ஞ்ச இடம் ஒண்ணும் அளவுகோலா வேணும். சித்திரையில் எங்க பக்கம் கண்மாயே வெடிச்சுக் கிடக்கு, குளிர்ந்த இடத்துக்கு எங்கே போக? லேண்ட்சாட் 8இன் சூட்டுப் படத்தில் ஒரு கட்டம் 100 மீட்டருக்கு 100 மீட்டர், கிட்டத்தட்ட ரெண்டரை ஏக்கர். சித்தப்பாவின் ஒன்றரை ஏக்கர், பக்கத்துப் பொட்டலும் வரப்பும் சேர்ந்து ஒரே கட்டத்துக்குள் அடங்கிடும் :-)

ஆனா கண்மாய் முழுக்க, ஊர் முழுக்கன்னா படம் பேசும். மார்கழியில் எல்லாமே பச்சை. சித்திரையிலும் பச்சையா நிக்கிறது பனையை விட்டா பெரும்பாலும் கருவேலம்தான். மேல் மண்ணில் ஈரமே இல்லாதப்போ பச்சை நிக்குதுன்னா, வேர் ஆழத்திலிருந்து எடுக்குதுன்னு அர்த்தம். எவ்வளவுன்னு மட்டும் லிட்டர் கணக்கில் சொல்ல முடியாது.

இதையெல்லாம் சொல்லிட்டு, "அவசரப்பட்டு ஜேசிபிக்குக் காசு கொடுக்காதீங்க சித்தப்பா. இந்தக் கோடை முழுக்க வாரம் ஒருக்க நம்ம கிணத்துலயும், கருவேலம் இல்லாத பக்கத்துக் கிணத்துலயும் கயிறு விட்டு அளந்து எழுதி வைங்க"ன்னேன்.

வெள்ளிக்கிழமை தவறாம வாட்ஸப்பில் ரெண்டு நம்பர் வருது. முழக்கணக்கில்.