இந்த ஊரில் ஊசிதான் சூப்பர் ஸ்டார்!

திண்டுக்கல் என்றால் பூட்டு. சிவகாசி என்றால் பட்டாசு. கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய். அதே மாதிரி அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தின் மேற்கு மூலையில் ஒரு ஊர் இருக்கிறது. பேர் படூகா. படூகா என்றால்... போர்வை!

சிரிக்காதீங்க பாஸ். மொத்தமே சுமார் 27 ஆயிரம் பேர் வசிக்கிற ஊர் இது. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் மாசம் 'க்வில்ட் வீக்' என்று ஒரு திருவிழா நடக்கும். அப்போ வந்து குவிகிற கூட்டம் 30 ஆயிரத்துக்கும் மேல். ஊர் ஜனத்தொகையைவிட விருந்தாளிகள் அதிகம்! ராக் கச்சேரிக்கோ கார் ரேஸுக்கோ யாரும் வரவில்லை. தான் தைத்ததைப் போட்டியில் வைக்கவும், அடுத்தவர் தைத்ததைக் கண் கொட்டாமல் பார்க்கவும் வருகிறார்கள். பல வருஷமாக அங்கே தரப்படும் உச்சப் பரிசு எவ்வளவு தெரியுமா? 20 ஆயிரம் டாலர்!

செமஸ்டர் லீவில் அக்காவின் பிரசவத்துக்காக அம்மாவோடு நாஷ்வில் போயிருந்தேன். அம்மா ஊரில் ப்ளவுஸ் தைப்பவர். இருபது வருஷத் தையல் அனுபவம். "அத்தை, உங்களுக்குன்னே ஒரு ஊர் இருக்கு, வாங்க காட்டுறேன்" என்று ஒரு சனிக்கிழமை காலையில் மாமா காரை எடுத்துவிட்டார். அக்காவும் பாப்பாவும் வீட்டில், துணைக்கு மாமாவின் அம்மா. ஐ-24 நெடுஞ்சாலையில் வடமேற்குப் பக்கமாக இரண்டு மணி நேரம் போனால் படூகா.

டென்னஸி நதி வந்து ஒஹையோ நதியில் சேருகிற இடம். 1937ல் ஒஹையோவில் வந்த பெருவெள்ளம் ஊரையே மூழ்கடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே பெரிய கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். சும்மா சுவராக விடவில்லை. 1996லிருந்து ராபர்ட் டாஃபர்ட் என்கிற ஓவியரும் அவருடைய டீமும் அந்தச் சுவர் முழுக்க ஊரின் கதையை வரைந்திருக்கிறார்கள். பழங்குடி மக்கள், நீராவிப் படகு, ரயில்வே, வெள்ளம்... நடந்துகொண்டே ஹிஸ்டரி படிக்கலாம், பரீட்சை கிடையாது! பாலம் தாண்டி ஆற்றின் அந்தப் பக்கம் போனால் இல்லினாய் மாநிலம். அங்கே 'மெட்ரோபொலிஸ்' என்று ஒரு சின்ன ஊர். பேர் ஒத்துப் போனதால் 'சூப்பர்மேனின் சொந்த ஊர்' என்று 1972ல் அறிவித்துக்கொண்டு, நடு ஊரில் அவருக்குச் சிலையும் வைத்துவிட்டார்கள்.

ஆனால் அம்மாவுக்கு சூப்பர்மேன் முக்கியமில்லை. "அவன் போட்டிருக்கிற டிரெஸ்ஸைத் தச்சது யாருடா?" என்றார். சரி, நேராக மியூசியத்துக்கு விட்டோம்.

முதலில் க்வில்ட் என்றால் என்ன? மேலே துண்டுத் துண்டாக வெட்டி ஒட்டுப் போட்ட துணி. நடுவில் பஞ்சு. கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து, மேலிருந்து கீழ் வரை ஊடுருவுகிற மாதிரி தையல் போட வேண்டும். அந்தத் தையலே ஒரு டிசைனாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். கேட்க ஈஸி. ஒரு பெரிய க்வில்ட்டை முழுக்கக் கையால் முடிக்க ஒரு வருஷம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

1984ல் பில் ஷ்ரோடர், மெரடித் ஷ்ரோடர் என்ற படூகா தம்பதி, க்வில்ட் தைப்பவர்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே முதல் போட்டி. 1991ல் மியூசியம். 2008ல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை 'தேசிய க்வில்ட் மியூசியம்' என்று அங்கீகரித்தது. 2013ல் யுனெஸ்கோவும் கைவினைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் படூகாவைச் சேர்த்துவிட்டது. பாட்டிமார் சமாச்சாரம் என்று ஊர் ஒதுக்குகிற ஒரு வேலையை வைத்து ஒரு ஊரே பிழைக்கிறது.

உள்ளே நுழைந்ததும் ஒரு க்வில்ட் தொங்குகிறது. மடிப்பு, சுருக்கம் எல்லாம் அசல். கிட்டப் போய்ப் பார்த்தால்... மரம்! முழுக்க மரத்தில் செதுக்கியது. அதற்கே அரை மணி நேரம் நின்றிருப்போம், அம்மா இழுத்துக்கொண்டு போகாவிட்டால்.

அடுத்தடுத்த ஹால்களில் போட்டிகளில் ஜெயித்த க்வில்ட்கள். சுவரில் பெயின்டிங் மாதிரி மாட்டி, விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நானும் மாமாவும் "கலர் செம" என்று ஆளுக்கொரு கமென்ட் அடித்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் கழுத்தைச் சாய்த்து ஓரத்தில் எட்டி எட்டிப் பார்த்தார்.

"பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுடா. முன்பக்கம் யார் வேணா அழகா காட்டிடலாம்."

மாமா தயங்கித் தயங்கி அங்கிருந்த வாலன்டியர் பாட்டியிடம் கேட்டார். அந்தப் பாட்டி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு! கையில் வெள்ளை கிளவுஸ் மாட்டிக்கொண்டு, க்வில்ட்டின் ஓரத்தை மெதுவாகத் திருப்பிக் காட்டினார். பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருந்தது. ஒரு முடிச்சு தெரியவில்லை. ஒரு நூல் தொங்கவில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அதற்கப்புறம் இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் வேலை மாமாவுக்கு. போட்டி எப்படி நடக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

முதல் ரவுண்டு போட்டோவில். முழு க்வில்ட்டுக்கு ஒன்று, தையல் தெரிகிற மாதிரி க்ளோசப்பில் ஒன்று. இதில் பாஸானால்தான் க்வில்ட்டையே அனுப்பச் சொல்வார்கள். பின்பக்க மேல் ஓரத்தில் கம்பி நுழைக்கத் துணியாலேயே ஒரு குழாய் தைத்திருக்க வேண்டும், தொங்கவிடுவதற்கு. பெரிய க்வில்ட், சுவர் க்வில்ட், மினியேச்சர் என்று அளவு வாரியாகப் பிரிவுகள். கைத்தையல், வீட்டு மெஷின், சட்டத்தில் ஓடுகிற பெரிய மெஷின் என்று முறை வாரியாகவும் பிரிவுகள்.

நடுவர்கள் பார்க்கும்போது தைத்தவர் பெயர் தெரியாது. முதலில் தூரத்திலிருந்து மொத்தத் தோற்றம். பிறகு கிட்ட வந்து நுணுக்கம். முனைகள் சரியாகச் சேர்ந்திருக்கா, ஓரப்பட்டி ஒரே அகலமா, மூலை தொண்ணூறு டிகிரியா, குறித்த பென்சில் கோடு தெரியுதா, வீட்டுப் பூனையின் முடி ஒட்டியிருக்கா... வைவா எக்ஸ்டர்னலே தேவலாம் போல!

ஒரு கணக்கு சொல்கிறேன், மெக்கானிக்கல் மக்கள் கவனிக்கவும். ஒட்டுத் துணிகளைச் சேர்க்கும்போது விடுகிற தையல் இடம் கால் இன்ச். ஒரு வரிசையில் 32 துண்டு என்று வையுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வெறும் 1/16 இன்ச் பிசகினால், வரிசை முடிவில் 2 இன்ச் காணாமல் போயிருக்கும். நாம் டாலரன்ஸ் என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் படிக்கிறதை, இவர்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். கைத்தையலில் ஒரு இன்ச்சுக்குப் பத்துத் தையல் வந்தால் கெட்டிக்காரர். அதையும் மூன்று அடுக்கைத் துளைத்து, ஒரே அளவில் போட வேண்டும்.

இவ்வளவு ஒழுங்கான ஊரிலும் ஒரு பெரிய கலாட்டா நடந்திருக்கிறது. வருஷம் 1989. கேரல் பிரையர் ஃபாலர்ட் என்கிற பெண், விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர். சூரிய கிரகணத்தை அப்படியே துணியில் கொண்டுவந்த 'கொரோனா 2' என்ற க்வில்ட்டை அனுப்பினார். உச்சப் பரிசு அவருக்கு. பிரச்னை என்னவென்றால், அந்த க்வில்ட்டின் தையல் மெஷினில் போட்டது! அதுவரை அந்தப் பரிசை மெஷின் தையல் தொட்டதே இல்லை. "இது எப்படி க்வில்ட் ஆகும்? கை எங்கே?" என்று பாரம்பரியக் கட்சி கொதித்தது. "வெள்ளைத் துணியில் சாயம் போட்டது, வரைந்தது, ஓட்டியது எல்லாம் மனுஷிதானே" என்றது எதிர்க்கட்சி. இன்றைக்குக் கைவேலைக்குத் தனிப் பரிசு, மெஷின் வேலைக்குத் தனிப் பரிசு. ஃபாலர்ட் பிற்பாடு படூகாவுக்கே குடிவந்து சில வருஷம் ஸ்டூடியோ நடத்தினார் என்பது க்ளைமாக்ஸ்.

அம்மாவின் தீர்ப்பு ஒரே வரி: "மெஷின் தானா தைக்குமா? உட்கார்ந்தவ இடுப்பைக் கேளு, சொல்லும்."

கையா மெஷினா என்பது சின்னச் சண்டைதான். யாருடைய கை என்பதுதான் பெரிய சண்டை. திரும்பி வருகிற வழியில் அந்தக் கதையை போனில் தேடி, காரில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

1933. சிகாகோவில் உலகப் பொருட்காட்சி. சியர்ஸ் என்ற பெரிய வியாபார நிறுவனம் நாடு தழுவிய க்வில்ட் போட்டி அறிவிக்கிறது. முதல் பரிசு ஆயிரம் டாலர். அமெரிக்கா முழுக்க வேலையில்லாமல் தவித்த பெருமந்த காலம் அது, ஆயிரம் டாலர் என்றால் பல குடும்பங்களுக்கு வருஷச் சம்பளத்தைவிடப் பெரிய தொகை. ஜனவரியில் அறிவிப்பு, மே மாசம் கடைசித் தேதி. குவிந்தவை 24 ஆயிரத்துக்கும் அதிகமான க்வில்ட்கள்! அதில் 30 மட்டும் இறுதிச் சுற்றுக்கு வந்தன. ஜெயித்தது மார்கரெட் கேடன், இதே கென்டக்கி மாநிலத்தின் லெக்ஸிங்டன் நகரத்துக்காரர். அந்த க்வில்ட் ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசாகப் போய்ச் சேர்ந்தது.

க்வில்ட் முழுக்கத் தன் கைவேலையாக இருக்க வேண்டும் என்பது விதி. கேடன் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஆனால் அதில் அவர் ஒரு தையல்கூடப் போடவில்லை. அவருக்குக் கூலிக்கு வேலை செய்த நான்கு பெண்கள் தைத்தது அது. பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லை. மெரிகே வால்ட்வோகல், பார்பரா பிராக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் போட்டியைப் பற்றி 1993ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் விஷயம் பரவலாக வெளியே வந்தது. சரியாக அறுபது வருஷம்!

"அந்த நாலு பேர் ஏன் அப்பவே வாயைத் திறக்கலை?" என்றேன் கோபமாக.

முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பவே இல்லை. "திறந்தா அடுத்த வாரம் வேலை யாரு குடுப்பா?"

காரில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. எனக்குத் தெரியும். அம்மா தைக்கிற ப்ளவுஸ்களில் பாதி ஒரு கடைக்குப் போகிறது. கழுத்துக்குப் பின்னால் அந்தக் கடையின் லேபிள். அதைக்கூட அம்மாவேதான் தைக்க வேண்டும். "கையெம்ப்ராய்டரி எங்க டிசைனர் போட்டது" என்று கடையில் சொல்வதை, அம்மா அங்கேயே நின்று கேட்டிருக்கிறார். என் முதல் வருஷ ஹாஸ்டல் ஃபீஸ் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றதில் வந்தது.

இப்போது படூகா போட்டியின் நுழைவுப் படிவத்தில், அந்த க்வில்ட்டில் கை வைத்த எல்லோருடைய பெயரும் இருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்ததா, குழுவாகச் செய்ததா, தனியாகச் செய்ததா என்று சொல்ல வேண்டும். டிசைன் வேறு ஒருவருடையது என்றால் அவர் பெயரும் வேண்டும். துணை வாங்கியதால் யாருடைய மதிப்பும் குறைவதில்லை. மறைப்பதுதான் தப்பு.

கிளம்பும்போது அந்த வாலன்டியர் பாட்டி அம்மாவிடம், "நீங்க என்ன தைப்பீங்க?" என்று கேட்டார். பாப்பாவுக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த விரிப்பின் போட்டோவை மாமா காட்டினார். பழைய காட்டன் புடவைகளை அடுக்கி, அம்மா ஓட்டுத் தையல் போட்டது. "இதுவும் க்வில்ட்தான். பின்பக்கம் லேபிள் இருக்கா? யார் தைச்சது, எந்த வருஷம், எந்த ஊர்... எழுதாம விட்டா நாளைக்கு யாருக்கும் தெரியாது" என்றார் பாட்டி. அன்று ராத்திரியே ஒரு துண்டு வெள்ளைத் துணியில் நீல நூலால் அம்மா தன் பெயரைத் தைத்தார். இனிஷியலோடு.

நாமும் ஃபைனல் இயரில் ஒரு ரிப்போர்ட் போடுவோம். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, உள்ளே முதல் பக்கத்தில் 'இது எங்கள் சொந்த வேலை' என்று கையெழுத்து. ப்ராஜெக்ட் சென்டரில் யாரோ ஒருவர், நம்மைவிட ரெண்டு வயசு மூத்த, வேலை தேடிக்கொண்டிருக்கிற ஒரு அண்ணன், ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்திருப்பார். அவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

வெள்ளை கிளவுஸ் போட்ட ஒரு பாட்டி வந்து அந்த ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் எப்படி இருக்கும் ஃப்ரெண்ட்ஸ்?