ஸ்ரீராம்புரத்துக்கு வரும் வேகக் கார்

பெங்களூர் மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஸ்ரீராம்புரம். 2014 மார்ச்சில் ரயில் வந்தது. ஜன்னல் வழியே தெரிவது நெருக்கியடித்து நிற்கும் வீடுகள், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகள், துணிக் கொடிகள். இறங்கி நடந்தால் காதில் விழுவது தமிழ். பின்னி, மினர்வா ஆலைகளில் சங்கு ஊதிய காலத்தில் வேலை தேடி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் வளரும் தெருக்கள் இவை. ஆலைகள் மூடிவிட்டன, குடும்பங்கள் தங்கிவிட்டன.

பாட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆடியில் அம்மன் பாட்டு, கல்யாணத்தில் இளையராஜா, நவம்பரில் ராஜ்யோத்சவத்துக்கு ராஜ்குமார். ஆங்கிலப் பாட்டு மட்டும் நகரத்தின் வேறு பகுதிகளுக்குச் சொந்தமானதாகவே இருந்துவந்தது. இந்தியாவின் 'ராக்' தலைநகர் என்று பெயரெடுத்த ஊர் இது. அரண்மனை மைதானத்தில் 2003இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடினார்கள். 2007இல் அயர்ன் மெய்டன், 2011இல் மெட்டாலிகா. ஸ்ரீராம்புரத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். டிக்கெட் விலைதான் எட்டாத தூரம்.

இன்று கைபேசி அந்தத் தூரத்தை அழித்துவிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளை எதையும் கேட்கலாம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பரீட்சைக்கு ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் என்றால் மதிப்பெண், பிறகு வேலை. அதே மொழியில் ஒருவர் அழவும் முடியும் என்பதை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. பாட்டு சொல்கிறது.

எரிக் கிளாப்டனின் 'டியர்ஸ் இன் ஹெவன்' 1992இல் வந்தது. முந்தைய ஆண்டு அவருடைய நாலு வயது மகன் நியூயார்க்கில் 53ஆம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துபோனான். பாட்டில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. எட்டாம் வகுப்பு ஆங்கிலம் போதும். பிங்க் ஃபிளாய்டின் 'அனதர் பிரிக் இன் த வால்' (1979) வேறு ரகம். லண்டன் பள்ளி ஒன்றின் பிள்ளைகள் 23 பேர் கூடிப் பாடியது. வகுப்பறையில் பிள்ளையைக் கேலி செய்து நசுக்கும் ஆசிரியர் மீது அதற்குக் கோபம். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மாணவர்கள் கல்விப் பாகுபாட்டை எதிர்த்து அதைப் பாட, 1980இல் அரசு தடை போட்டது.

ஆனால் ஸ்ரீராம்புரத்துக்கு மிக அருகில் வரும் பாட்டு டிரேசி சாப்மனின் 'ஃபாஸ்ட் கார்'. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தாயின் உழைப்பில் வளர்ந்த கறுப்பினப் பெண் அவர். 1988இல் பாட்டு வெளியானபோது வயது 24. அதே ஆண்டு ஜூனில், சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்த நாளுக்காக லண்டனில் நடந்த கச்சேரியில் ஒற்றை கிதாரோடு நின்று பாடினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 2023இல் லூக் கோம்ப்ஸ் மறுபடி பாட, புதிய தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்தது.

கதை இதுதான். அப்பா குடிக்கிறார். அம்மா விட்டுப் போய்விட்டாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்ட மகள் கடையில் வேலை செய்கிறாள். காரும் காதலனும் தன்னை வேறு வாழ்க்கைக்குக் கொண்டுபோவார்கள் என்று நம்புகிறாள். ஊர் மாறுகிறது, கடைசியில் அவனும் அப்பாவைப் போலவே ஆகிறான். அவனைப் போகச் சொல்கிறாள்.

இது அமெரிக்கக் கதை என்று ஸ்ரீராம்புரத்துப் பெண்ணுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். கூலி வேலையும் சாராயமும் சேர்ந்த எந்தப் பேட்டையிலும் இந்த மகள் இருக்கிறாள். தமிழ் சினிமாப் பாட்டில் அவளுக்குக் காதல் கிடைக்கும், தாலாட்டு கிடைக்கும். பள்ளியை விட்ட கணக்கு கிடைப்பது அபூர்வம்.

பாட்டு யாரையும் பள்ளியில் உட்கார்த்தி வைக்காது. ஆனால் பேச்சைத் தொடங்கிவைக்கும். 'ஃபாஸ்ட் கார்' ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நாற்பத்தைந்து நிமிட ஆங்கில வகுப்பில் மீதி நாற்பது நிமிடமும், அவள் ஏன் படிப்பை விட்டாள், யார் தடுத்திருக்கலாம் என்று பிள்ளைகளைப் பேசவிடலாம். தமிழிலோ கன்னடத்திலோ பேசினாலும் பரவாயில்லை.